தொகுத்தோனும் தொகுப்பித்தோனும்

என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவர் இப்பொழுது ஆசிரியர். தம் பாடசாலை நூலகத்துக்கெனச் சிறுதொகையொன்று கையிலிருப்பதாகவும், 2016ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பொப் டிலனின் பாடல்களை உயர்தர வகுப்பு மாணவர் கேட்கவேண்டுமெனத் தாம் விரும்புவதாகவும் எழுதி, அவருடைய ‘கிறேற்றெஸ்ற் ஹிற்ஸ்’, அஃதாவது ‘மிகப் புகழ்பெற்ற பாடல்கள்’, என்னும் திரட்டை வாங்கினாற் போதுமோ என வினாவியிருந்தார். “ஐயா சொல்வதுபோலச் செய்கிறேன்” என்பது கடிதத்தின் முடிவு.

தொல்காப்பியமும் நன்னூலும் கற்பிக்கும் ஒருவனிடத்தில் றொக் இசைத்தட்டைப்பற்றி வினாவுதல் பொருந்துமோ எனச் சிலர் நகைக்கலாம். கேட்டவர் காரணமின்றிக் கேட்டிலர். இத்திரட்டை நம்பி யான் அவையொன்றில் இடறி விழுந்ததை அவர் நேரிற் கண்டவர். ஆதலின் அக்கதையை முதலிற் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

2016 ஒக்டோபர் 13ஆம் நாள் அப்பரிசு அறிவிக்கப்பட்டபொழுது, பாட்டுக் கட்டிப் பாடுவோன் ஒருவனுக்கு இலக்கியப் பரிசோ என்னும் கேள்வி உலகெங்கும் எழுந்தது. எங்கள் இலக்கிய வட்டத்திலும் எழுந்தது. ஒரு மாலை அதனையே பொருளாக வைத்து உரையாடுவதென முடிவாயிற்று. மறுத்துப் பேசும் பணி என் தலையில் விழுந்தது. நண்பரொருவர் தம்மிடமிருந்த இறுவட்டைத் தந்தார். 1967ஆம் ஆண்டில் வெளிவந்த அத்திரட்டிற் பாடல்கள் பத்து. இருமுறை கேட்டேன், பாடல்களின் வாசகத்தையும் தேடிப் படித்தேன். பின்னர் அவையில் நின்று அரைமணி நேரம் பேசினேன். இப்பாடகரிடத்துச் சொற்சாதுரியம் உண்டு, எள்ளல் உண்டு, காதற் பிணக்கு உண்டு, ஒருவரை நேர்நின்று வசைபாடும் திறம் மிக உண்டு. ஆயின் பிறிதோருயிரின் துயரத்தைத் தன் துயரமாகக் கொண்டு பாடும் நெஞ்சம் இல்லை என்பது என் பேச்சின் சாரம். கரவொலி எழுந்தது. யானும் மகிழ்ந்து அமர்ந்தேன்.

அப்பொழுது அவையில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்து, “பண்டிதருக்கு ஒரு சிறு ஐயம் தீர்க்கவேண்டும். குறுந்தொகையை மட்டும் படித்த ஒருவர் கபிலரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமோ?” என்று கேட்டார்.

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. குறுந்தொகையை மட்டும் படித்தவனுக்குக் கபிலர் குறிஞ்சி பாடிய காதற்புலவர் மாத்திரமே. பாரி இறந்தபின் அவன் மகளிரை உடனழைத்துக்கொண்டு பறம்பை நோக்கிக் கலங்கி நின்ற கபிலரை அவன் அறியான். அவர் புறநானூற்றில் இருக்கிறார். யான் பத்துப் பாடல்களை வைத்துக்கொண்டு ஒரு புலவனின் நெஞ்சத்தை அளந்திருந்தேன். அவற்றைத் தெரிந்தெடுத்தவர் யாவர், எதற்காகத் தெரிந்தெடுத்தனர் என ஒருகாலும் எண்ணிற்றிலேன். இதனைவிடப் பெரிய வெட்கம் தொகைநூல் கற்பிக்கும் ஒருவனுக்கு வேறில்லை.

ஏனெனின், நம் முன்னோர் இவ்வினாவை மறவாதிருக்கும்படி நமக்கு ஒரு வழக்கத்தை விட்டுச்சென்றுள்ளனர். இத்தொகை தொகுத்தான் இன்னான், தொகுப்பித்தான் இன்னான் என்னும் குறிப்பை அவர்கள் காத்து வைத்தனர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. மாணவர் இவற்றைத் தேர்வுக்கென மனனஞ் செய்து மறுவாரமே மறந்துவிடுவர். யானும் பலகாலம் வெறும் பெயர்ப்பட்டியலாகவே கற்பித்து வந்தேன். பாடியவன் ஒருவன், தொகுத்தவன் ஒருவன், பொருள்கொடுத்துத் தொகுக்கச் செய்தவன் ஒருவன். மூவரும் வேண்டுவது ஒன்றாக இருத்தல் வேண்டுமென்னும் நியதி இல்லை. இப்பேதத்தை நெஞ்சில் இருத்திக்கொண்டே டிலனின் திரட்டை எடுத்து நோக்கவேண்டும்.

1967ஆம் ஆண்டுத் திரட்டின் பிறப்பு இவ்வாறு. 1966 யூலை 29ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்து வுட்ஸ்ரொக் ஊரருகே, டிலன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காயமுற்றார். அப்பொழுது அவருக்கு வயது 25. அதற்குள் ஏழு இசைத்தட்டுத் தொகுதிகள் வெளியாகிவிட்டன. விபத்தின்பின் அவர் வெளியுலகினின்றும் ஒதுங்கினார். 1974 வரையில் மீண்டும் ஊரூராகச் சென்று பாடவில்லை. புதிய பாடல் வரவில்லை. ஆயின் வாங்குவோர் காத்துநிற்கின்றனர். இந்நிலையிற் கொலம்பியாக் கொம்பனி பழைய பாடல்களிற் பத்தினைத் திரட்டி 1967 மார்ச்சு மாதத்தில் வெளியிட்டது. தொகுப்பித்தோன் வணிகன் என்பதில் ஐயமில்லை. அவனைக் குறைகூறவும் யான் முற்படேன். வணிகன் வணிகம் செய்யாது வேறென் செய்வான்? அந்நாட்களில், சற்றொப்ப அதே காலத்தில், பாடகரோ வுட்ஸ்ரொக்கை அடுத்த ஒரு வீட்டின் நிலக்கீழறையில் நண்பர் சிலருடன் அமர்ந்து புத்தம்புதிய பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக இயற்றிக்கொண்டிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அவை ‘நிலக்கீழறை நாடாக்கள்’ என்ற பெயருடன் தட்டாக வந்தது 1975இல்.

ஏழு தொகுதிகளிலும் இருந்த பாடல்கள் 81. அவற்றுள் எடுக்கப்பட்டவை ஒன்பது. பத்தாவது தனித்தட்டாக வந்திருந்த ‘பொசிற்றிவ்லி ஃபோர்த் ஸ்றீற்’. ஆண்டு முறையில் நோக்கின், 1962ஆம் ஆண்டு முதற் தொகுதியிலிருந்து ஒன்றுமில்லை. 1963ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து ஒன்றே ஒன்று. 1964ஆம் ஆண்டின் இரு தொகுதிகளிலிருந்து தலைக்கு ஒன்று. எஞ்சிய ஆறும் அத்தனித்தட்டும் 1965, 1966 என்னும் ஈராண்டுகளுக்கு உரியன. மின்கிற்றாரும் முழவும் சேர்ந்து ஒலிக்க, இளைஞர் ஆர்ப்பரிக்க, வானொலியில் ஓங்கி நின்ற காலம் அது. தனிக் கிற்றாரும் வாய் ஆர்மோனியமும் கொண்டு தனியொருவனாக நின்று பாடிய டிலன் இத்திரட்டில் மூன்று பாடல்களோடு ஒடுங்கிவிட்டார்.

வரிசையோ இன்னும் வியப்பு. தொடக்கப்பாடல் 1966ஆம் ஆண்டின் ‘றெயினி டே விமின்’. பித்தளைக் குழல்கள் முழங்க, பாடுவோரும் உடனிருப்போரும் சிரித்துக் கூச்சலிட, கூத்துக் கொட்டகைபோல் ஒலிப்பது. அது முடிந்த மறுகணமே 1963ஆம் ஆண்டின் ‘புளோயிங் இன் த வின்ட்’ என்னும் அமைதியான வினாப்பாடல் வருகின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடிய பாடல் அது. கூத்தின் சிரிப்பு அடங்குமுன் அதனைக் கேட்பவன் எவ்வாறு உட்கொள்வான்? யான் உட்கொள்ளவில்லை. அவையில் அப்பாடலைப் பற்றி ஒரு வாக்கியமே பேசினேன்.

‘புகழ்பெற்ற’ என்னும் அடைமொழியையும் சற்று நிறுத்துப் பார்த்தல் தகும். ‘புளோயிங் இன் த வின்ட்’ விற்பனைப் பட்டியலில் ஏறியது பீற்றர், போல், மேரி என்னும் மூவர் 1963இற் பாடியபொழுது. ‘மிஸ்ரர் ரம்பறீன் மான்’ 1965இல் முதலிடம் பெற்றது ‘பேர்ட்ஸ்’ என்னும் குழுவினரால். ‘இற் எயின்ற் மீ பேப்’ பரவியது ‘ரேர்ற்றில்ஸ்’ குழுவினரால். ஆகவே திரட்டிலுள்ள சில பாடல்களின் புகழ் பிறர் தொண்டையில் விளைந்த புகழ். வணிகனின் அளவுகோல் கொண்டு அளந்தாலும் பெயரும் பொருளும் முற்றப் பொருந்தவில்லை.

விடுபட்டவற்றுக்கு வருவோம். இசைத்தட்டின் ஒரு பக்கம் கொள்வது ஏறத்தாழ இருபது நிமிடமே. அதன் எல்லை அது. ‘டெசொலேஷன் றோ’ என்னும் பாடல் பதினொரு நிமிடம் ஓடுவது. அதனைச் சேர்த்தால் பக்கத்திற் பாதி போய்விடும். ‘எ ஹார்ட் றெயின்ஸ் எ கோனா ஃபோல்’ ஏறத்தாழ ஏழு நிமிடம். இவை இரண்டும் இல்லை. ஆறு நிமிடங் கடந்த ‘லைக் எ றோலிங் ஸ்ரோன்’ இடம்பெற்றது அது வானொலியை வென்றுவிட்டமையால். நம் தொகுப்பாளரும் அடியளவு நோக்கியே பகுத்தனர்: நான்கடி முதல் எட்டடிவரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு. ஆயின் அவர்கள் நெடும்பாட்டைப் புறத்தே தள்ளவில்லை. அதற்கெனத் தனி நூலொன்று செய்தனர். ‘நெடுந்தொகை’ என்னும் பெயரும் அதற்கு உண்டன்றோ! கொலம்பியாவின் திரட்டில் நெடும்பாட்டுக்கு வீடில்லை.

இதனாற் போனது எத்தன்மைத்து என்பதை ஸ்ரொக்ஹோம் காட்டிற்று. 2016 டிசம்பர் 10ஆம் நாள் நடந்த பரிசளிப்பு விழாவுக்கு டிலன் செல்லவில்லை. அவருக்காகப் பாடகி பற்றி ஸ்மித் மேடையேறி ஒரு பாடலைப் பாடினார். இடையிற் சொல் தடுமாறி நின்று, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் தொடங்கிப் பாடி முடித்தார். அவையினர் கைதட்டித் தேற்றினர். இலக்கியப் பரிசுக்குச் சான்றாக அவ்வவையில் ஒலித்த அப்பாடல் ‘ஹார்ட் றெயின்’. பரிசு எதற்கு எனக் கேட்டு யான் திரட்டைத் துருவினேன். அதற்குரிய விடையே அத்திரட்டில் இல்லை.

அப்பாடலைப் பின்னர் கேட்டேன். பெற்றோர் மகனை வினாவ மகன் மறுமொழி கூறும் அமைப்பு; ஆங்கில ஸ்கொத்திய எல்லைநாட்டுப் பழங்கதைப்பாடலாகிய ‘லோர்ட் றண்டல்’ என்பதிலிருந்து அவ்வமைப்பை எடுத்திருக்கிறார். எங்கே போனாய், என்ன கண்டாய், என்ன கேட்டாய், எவரைச் சந்தித்தாய் என ஒவ்வொரு வினாவுக்கும் மகன் காட்சிகளை அடுக்குகின்றான். வினா மாறாது நிற்க, விடை வளர்ந்துகொண்டே போகின்றது. 1962 ஒக்டோபரிற் கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை நடுக்கியபொழுது பிறந்தது இப்பாடல் எனப் பலர் எழுதுவர். அது பிழை. நெருக்கடிக்கு ஒரு மாதம் முன்னரே, செப்டெம்பரில், நியூயோர்க்கில் அவர் அதனை மேடையிற் பாடிவிட்டார். அச்சம் செய்திக்கு முன்னரே புலவன் நெஞ்சில் இருந்திருக்கிறது.

இனி இரண்டாம் திரட்டு. 1971 நவம்பரில் அதே கொம்பனி, அதே பெயருடன், ‘இரண்டாம் பாகம்’ என்னும் குறிப்புச் சேர்த்து, இரட்டைத் தட்டாக வெளியிட்டது. புதிய தொகுதி உடனே வருமென்னும் நம்பிக்கை அப்பொழுதும் இல்லை. தொகுப்பித்தோன் நோக்கம் பழைய நோக்கமே. ஆயின் இம்முறை தொகுத்தோன் மாறினான். கொம்பனித் தலைவர் கிளைவ் டேவிஸ் எண்ணத்தை முன்வைக்க, டிலன் இசைந்து, பாடல்களைத் தாமே தெரிந்தெடுத்தார். அதுவுமன்றி, முன்பு வெளிவாராத பாடல்களுக்கென ஒரு பக்கத்தையே ஒதுக்கலாம் என்றார். பழைய நிலக்கீழறைப் பதிவுகளிற் சில தலைவருக்கு மனங்கொள்ளாமற் போகவே, அவ்வாண்டு செப்டெம்பரில் ஹப்பி ட்றோம் என்னும் கலைஞரைத் துணைகொண்டு அவற்றுட் சிலவற்றைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார்.

21 பாடல்கள். ‘ஹார்ட் றெயின்’ இங்கே உண்டு. மூன்றாம் பக்கத்தின் இறுதியில் நிற்கின்றது. அதே பக்கத்தில் ‘ஓல் எலோங் த வொச்ரவர்’ இருக்கின்றது. இதனைப் பற்றிச் சிறிது நின்று பேச விரும்புகிறேன். இரண்டரை நிமிடப் பாடல். மூன்றே செய்யுட் பகுதிகள். விகடன் ஒருவனும் கள்வன் ஒருவனும் உரையாடுகின்றனர். காவற்கோபுரத்திலிருந்து நோக்குவோர் தூரத்தே இரு குதிரைவீரர் வருவதைக் காண்பதுடன் பாடல் நின்றுவிடுகிறது. விவிலியத்து ஏசாயா ஆகமத்தின் காட்சி அதன் பின்னே உண்டு. வியப்பு யாதெனின், இறுதிப் பகுதி உண்மையில் கதையின் தொடக்கம் என்பதே. வரும் இருவர் முதலிற் பேசிய இருவராகவும் இருக்கலாம். முடிவைக் கேட்டபின் மீண்டும் தலைப்புக்குப் போகவேண்டியிருக்கின்றது. குறுந்தொகையைப் பயிற்றி நரைத்த ஒருவனுக்கு, சொல்லாது விட்ட இடத்தில் ஒரு நாடகத்தையே நிறுத்தும் இவ்வித்தை எத்துணை இன்பம் தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜிமி ஹென்றிக்ஸ் 1968இல் இதனைப் பெருமுழக்கமாக்கிப் பாடியதே உலகறிந்தது. மூலமோ மெல்லிய குரலில் அச்சமூட்டுவது.

நான்காம் பக்கமே இத்திரட்டின் சிறப்பு. ‘ஐ ஷல் பி றிலீஸ்ட்’ என்னும் சிறைப்பாடலை ‘பான்ட்’ குழுவினர் 1968இலேயே வெளியிட்டிருந்தனர்; இயற்றியவர் குரலில் தட்டாக வந்தது இங்கேதான். ‘யூ எயின்ற் கோயிங் நோவெயார்’ பாடலைப் பேர்ட்ஸ் குழுவினர் எடுத்துச் சென்றிருந்தனர். அதுவும் இங்கே திரும்பி வருகின்றது. 1963 ஏப்பிரலில் நியூயோர்க் ரவுன் மண்டபத்தில் அவர் தனித்துப் பாடிய ‘ருமோறோ இஸ் எ லோங் ரைம்’ என்னும் பிரிவாற்றாமைப் பாடல், எட்டாண்டுகள் கிடப்பிற் கிடந்தபின் இத்தட்டில் வெளிவந்தது. முதற்றிரட்டில் ஊராரின் தொண்டையிற் பெற்ற புகழை வணிகன் பொறுக்கியெடுத்தான். இரண்டாவதிற் புலவன் தன் பாடல்களை ஊராரிடமிருந்து வீட்டுக்கு அழைத்துவருகின்றான். 21இற் பெரும்பாலானவை விற்பனைப் பட்டியலில் ஏறாதவை. ‘மிகப் புகழ்பெற்ற’ என்னும் தலைப்பு அட்டையில் மட்டும் நிற்கின்றது.

குறையில்லை என்பேனோ? வரிசை இங்கும் கலங்கியதே. 1969இல் அவர் குரலை மாற்றிக்கொண்டு குழைந்து பாடிய ‘லே லேடி லே’, 1963ஆம் ஆண்டின் கரகரத்த இளங்குரலை அடுத்து வர, பாடுவோர் இருவரோ என மாணவர் மயங்குவர். ஆண்டுக் குறிப்பும் சூழல் விளக்கமும் இன்றிக் கேட்போன், திணையும் துறையும் கூற்றும் எழுதாத ஏட்டில் அகப்பாட்டைப் படித்தவனைப்போல் ஆவான். ஆசிரியர் பக்கத்தில் இருந்து ஒரு தாளில் ஆண்டுகளை எழுதிக் கொடுத்தல் அவசியம்.

பெரிய குறை வேறு. ‘மாஸ்ரர்ஸ் ஒஃப் வோர்’ இரண்டு திரட்டிலும் இல்லை. ‘த லோன்சம் டெத் ஒஃப் ஹற்றி கரல்’ இரண்டிலும் இல்லை. பிறிதோருயிரின் துயரத்தைப் பாடும் நெஞ்சம் இவருக்கில்லை என யான் அவையிற் கூறியதாகச் சொன்னேன். அக்கூற்றைத் தவிடுபொடியாக்குவது இப்பாடல் ஒன்றே. 1963 பெப்ரவரியில், மேரிலாந்து மாநிலத்துப் போல்ரிமோர் நகர விடுதியொன்றிற் பணிசெய்த ஹற்றி கரல் என்னும் 51 வயதுக் கறுப்பினப் பெண்மணியை, விருந்துக்கு வந்த செல்வந்த இளைஞன் ஒருவன் மதுமயக்கத்திற் பிரம்பால் அடித்தான், அவர் இறந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை ஆறுமாதச் சிறை. டிலன் இதனைப் பாடுகையில் அப்பெண் கறுப்பினத்தவர் என்றோ, அவன் வெள்ளையன் என்றோ ஓரிடத்தும் சொல்லவில்லை. அவள் செய்த வேலைகளைச் சொல்கின்றார். அவன் குடும்பத்தின் நிலபுலத்தைச் சொல்கின்றார். கேட்போன் தானே அறிகின்றான். இன்னும் அழவேண்டாம், இன்னும் அழவேண்டாம் என்னுங் கருத்தில் ஒவ்வொரு பகுதியிலும் நம்மைத் தடுத்து நிறுத்தி, நீதிமன்றத் தீர்ப்பை இறுதிவரை மறைத்து வைத்து, அத்தீர்ப்பைச் சொன்னபின்னரே அழுகைக்கு அனுமதி தருகின்றார். கொலை அன்று, தீர்ப்பே அழத்தக்கது என்பது அவ்வமைப்பாற் பெறப்படுகின்றது. குறிப்புப் பொருளுக்கு உதாரணம் தேடும் ஆசிரியர்கள் இதனைக் கருதலாம்.

வணிகன் இதனை விட்டமை விளங்குகிறது. புலவனும் விட்டது ஏன்? இரண்டாம் பக்கத்தில் அவர் சேர்த்துள்ள ‘மை பக் பேஜஸ்’ என்னும் 1964ஆம் ஆண்டுப் பாடல் அதற்கு ஒருவாறு மறுமொழி எனக் கொள்ளுகிறேன். இளமையில் தாம் உலகத்துக்கு நீதியுரைத்த உறுதியை அதில் அவரே எள்ளி விலகுகின்றார். போராட்டக்காரரின் வாய்மொழி என்னும் பட்டத்தை அவர் வேண்டாது உதறியதும் தெரிந்ததே. வணிகன் விட்டது இடமின்மையால்; புலவன் விட்டது தன்னைப் பற்றி அவன் கொண்ட கருத்தால். முன்னது வெறும் இழப்பு. பின்னது அவன் தன் பாடல்களுக்கு எழுதிய உரையாகும். உரையை மதிக்கிறேன், உடன்படேன். தன் பாடலைத் தானே ஒதுக்கும் உரிமை பாடியவனுக்கு உண்டு. நமக்கோ அவன் ஒதுக்கியதைக் கேட்கும் கடமை உண்டு.

இவையெல்லாம் இணையவழியிற் கட்டணமின்றியே கேட்கக் கிடைக்கும்போது விலைகொடுத்து வாங்குவானேன் என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆயின் அங்கே தொகுத்தோன் யார்? பலர் கேட்டதை மேலே தூக்கிவைக்கும் எந்திரம். அது 1967ஆம் ஆண்டு வணிகனின் அளவுகோலையே கொண்டு, அவனிலும் விரைந்து வேலை செய்வது. ஒரு பாடல் முடியுமுன் மற்றொன்றுக்கு நம்மைத் தள்ளுவது. பாடகரோ தம் பாடல்களின் உரிமையை 2020இல் ஒரு நிறுவனத்துக்கும், ஒலிப்பதிவுகளின் உரிமையை அதனையடுத்து வேறொரு நிறுவனத்துக்கும் விற்றுவிட்டார். இனி வருந் திரட்டுகள் தொகுப்பித்தோரின் திரட்டுகளாகவே இருத்தல் கூடும். 1994இல் ஒரு மூன்றாம் பாகமும், 2007இல் 51 பாடல் கொண்ட பெருந்திரட்டும் ஏற்கெனவே வந்துள்ளன. 1985இன் ‘பயோகிறாஃப்’ 53 பாடல்களுடன் விரிவான குறிப்பும் உடையது. ஆராய்வோர்க்கு நன்று, பாடசாலைக்குப் பெரிது.

முதற்றிரட்டின் பக்கமும் ஒரு சொல் சொல்லவேண்டும். ‘பொசிற்றிவ்லி ஃபோர்த் ஸ்றீற்’ நெடுந்தட்டொன்றில் முதன்முதல் இடம்பெற்றது அதிலே. ‘லைக் எ றோலிங் ஸ்ரோன்’ இரண்டாம் திரட்டில் இல்லை. அதனைக் கேளாதவன் டிலனைக் கேட்டான் ஆகான். 1967ஆம் ஆண்டுத் தட்டுடன் மில்ற்றன் கிளேசர் என்னும் ஓவியர் வரைந்த சுவரொட்டியொன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது: முகம் கருநிழல், கூந்தல் பலவண்ண நெளிவு. அட்டைப்படத்துக்காக றோலன்ட் ஷேர்மன் எடுத்த நிழற்படமும் கிறமி விருது பெற்றது. கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆயினும் நண்பர் எனக்குத் தந்த இறுவட்டில் அச்சுவரொட்டி இல்லை. பழந்தட்டுச் சேகரிப்போர் வேண்டுமானால் தேடிக்கொள்ளட்டும்.

ஆகவே என் மாணாக்கருக்கு யான் எழுதிய மறுமொழி இது. முதற்றிரட்டை வாங்கவேண்டாம். இரண்டாம் பாகத்தை வாங்குக. எஞ்சும் பணத்தில், ஹற்றி கரலின் பாடலுக்காக 1964ஆம் ஆண்டின் ‘த ரைம்ஸ் தே ஆர் எ சேஞ்சிங்’ தொகுதியை முழுமையாக வாங்குக. பத்தே பாடல்கள், ஒரு குரல், ஒரு கிற்றார், ஒரு வாய் ஆர்மோனியம். இன்னும் மிஞ்சுமேல் 1965ஆம் ஆண்டின் ‘ஹைவே 61 றிவிசிற்றட்’. ‘றோலிங் ஸ்ரோன்’ அதன் வாயிலில் நிற்கின்றது, ‘டெசொலேஷன் றோ’ அதன் கொல்லைப்புறத்தில். மாணவரைக் கேட்பிக்கும்போது இரண்டாம் பாகத்தை நான்காம் பக்கத்திலிருந்து தொடங்குக. பாடலின் வாசகத்தைக் கையிற் கொடாமல் ஒருமுறை, கொடுத்து ஒருமுறை.

அவையில் என்னைக் கேள்வி கேட்ட மூத்த ஆசிரியர்க்கும் இம்மறுமொழியின் படியொன்றை அனுப்பியிருந்தேன். ‘மாஸ்ரர்ஸ் ஒஃப் வோர்’ எங்கே எனக் கேட்டு எழுதியிருக்கிறார். அஃது 1963ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கின்றது. அடுத்த ஆண்டின் நூலகப் பணத்தில் வாங்கலாம்.